கழட்ட முடியாததை அடுப்புக்கு மேல மாட்டாதீங்க

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுக்கிட்டே இருந்த விசயம் இது. அரசியல் இல்லை, சினிமா இல்லை, கவிதை சுத்தமா இல்லை. அதனால பாதிப் பேர் இப்பவே எஸ்கேப் ஆகிடலாம் :-) மேட்டர் என்னன்னா, அடுப்படிப் பிசுக்கு. எக்ஸாஸ்ட் ஃபேன் றெக்கையில, பரணுக்கு அடிப்பக்கம், கப்போர்டு உச்சந்தலையில, டியூப்லைட் பட்டி மேல, ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி சுவத்துல... முதல்ல மஞ்சளா வந்து, அப்புறம் பழுப்பாகி, கடைசியில தார் மாதிரி உக்காந்துக்குமே, அதேதான்.

இதைப் பத்திப் பேச உனக்கு என்னய்யா தகுதின்னு கேட்டா, ஊர்ப் பேரைச் சொன்னாப் போதும். அரியக்குடி. காரைக்குடியை ஒட்டின ஊர். பாட்டு கேக்குறவங்களுக்கு ராமானுஜ ஐயங்கார் (1890–1967) ஞாபகத்துக்கு வருவார், கோயிலுக்குப் போறவங்களுக்குத் திருவேங்கடமுடையான். எனக்கு ஞாபகம் வர்றது எண்ணெய்ச் சட்டி. எங்க பக்கம் ஒரு நல்ல நாள், விசேசம்னா என்ன செய்வாங்க? தேன்குழல், சீப்புச்சீடை, அதிரசம், மனகோலம், கந்தரப்பம், சீயம், வெள்ளைப் பணியாரம். லிஸ்ட்டை இன்னொரு தடவை பாருங்க. ஆவியில வேகுறது ஒண்ணாவது இருக்கா? எல்லாமே எண்ணெயில குதிச்சு எந்திரிக்கிற அயிட்டம். மத்த ஊர்ல வருசத்துக்கு ஒரு தீபாவளின்னா, எங்களுக்கு மாசத்துக்கு ரெண்டு.

பிசுக்கை எப்படித் துடைக்கிறதுன்னு சொல்றதுக்கு ஆயிரம் வீடியோ இருக்கு. என் கேள்வி அது இல்லை. கை எட்டாத இடத்துல போய் எண்ணெய் உக்கார்ற மாதிரி அடுப்படியை யாரு கட்டுறது, அதுக்கப்புறம் ஸ்டூல் போட்டு ஏறித் துடைக்கிறது யாரு? கட்டுற ஆளும் துடைக்கிற ஆளும் ஒரே ஆளா இருந்தா இந்தப் பிரச்சினையே வராதுங்கிறது என் கட்சி.

ஏன் அப்படிச் சொல்றேன்னா, எங்க ஊர்லயே இதுக்குப் பதில் இருக்கு. குத்துவிளக்கு. அரியக்குடி பித்தளை விளக்குக்குப் பேர் போன ஊர். நாச்சியார்கோவில் அளவுக்குப் பெரிய பேர் இல்லைன்னு நீங்க சொல்லலாம், சண்டைக்கு வரமாட்டேன். ஆனா ஒரு விளக்கைக் கையில எடுத்து நிதானமாப் பாருங்க. அது வாழ்நாள் பூரா எண்ணெயிலயே குடித்தனம் பண்ற பொருள். நல்லெண்ணெய் வழியும், திரிக்கரி படியும், தூசி ஒட்டும், தண்டுல இருக்கிற வளையம் வளையமான கடைசல் வேலைப்பாட்டுக்குள்ள எல்லாம் போய் அடைஞ்சுக்கும். எந்த அடுப்படி ஃபேனுக்கும் சளைச்சது இல்லை. ஆனா எந்த வீட்டுலயும் விளக்கு தேய்க்கிறது ஒரு பெரிய சோலியா இருந்து நான் பார்த்ததில்லை. காரணம் ரொம்ப சிம்பிள். கீழ பாதம், நடுவுல தண்டு, மேல எண்ணெய்த் தட்டு, உச்சியில பிரபை, எல்லாம் தனித்தனி. மரை போட்டுத் திருகி வச்சிருப்பாங்க. வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் சாயங்காலம் கழட்டித் திண்ணையில பரப்பி, முதல்ல சீயக்காயோ சாம்பலோ போட்டு எண்ணெயை எடுத்துட்டு, அப்புறம் புளி போட்டுத் தேய்ச்சா முடிஞ்சது. யாரும் விளக்கு மேல ஏறவேண்டியதில்லை. விளக்கு நம்ம மடிக்கு வரும்.

(இந்த வரிசை முக்கியம். நிறையப் பேர் நேரா புளியைப் போட்டுத் தேய்ச்சுக்கிட்டு, போகவே இல்லைன்னு புலம்புவாங்க. புளியோட வேலை கறுத்த பித்தளையை வெளுக்கிறது. எண்ணெயை எடுக்கிறது சீயக்காயோட வேலை. எண்ணெய்க் குளியலுக்கு அப்புறம் தலைக்குப் புளியா தேய்க்கிறோம்?)

இந்த விளக்கைச் செஞ்ச ஆளுக்குத் தெரிஞ்ச ஒரு விசயம், அடுப்படி டிசைன் பண்றவங்களுக்குத் தெரியலை. எண்ணெயோட பொழங்குற பொருள் கழண்டு வரணும். அவ்வளவுதான்.

சரி, இந்த எண்ணெய் ஏன் மேல போகுது? மாவுல இருக்கிற தண்ணி, சூடான எண்ணெயில பட்டதும் ஆவியா வெடிக்குது. நீங்க கேக்குற அந்த 'சொர்ர்ர்' சத்தமே அதுதான். வெடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடித் துளியா எண்ணெயையும் கூட்டிக்கிட்டு, சூடான காத்தோட மேல ஏறும். மேல எங்க குளிர்ச்சியா ஒரு பரப்பு கிடைக்குதோ அங்க ஒட்டிக்கும். அதனாலதான் அடுப்பு மேடையை விட பரணோட அடிப்பக்கம் மோசமா இருக்கும். ஒட்டின முதல் வாரம் அது வெறும் எண்ணெய். வெந்நீர், சோப்பு போட்டா ஓடிடும். அப்படியே விட்டா காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேர்ந்து ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு, வார்னிஷ் மாதிரி ஆகிடும். பெயிண்ட்காரங்க ஆளிவிதை எண்ணெயைக் காயவைக்கிறதும் இதே சங்கதிதான். சூரியகாந்தி எண்ணெய் இந்த விசயத்துல கடலை எண்ணெயை விட வேகம். தேங்காய் எண்ணெய் ரொம்ப மெதுவு. ஆறு மாசப் பிசுக்குங்கிறது எண்ணெயே கிடையாது, அரைகுறையாக் காய்ஞ்ச பெயிண்ட். சோப்பு போட்டு எத்தனை தேய்ச்சாலும் பெயிண்ட் போகுமா?

இன்னொண்ணு. ஃபேன்ல ஒட்டினதை நாம பார்க்கிறோம். ஃபேன்ல ஒட்டாதது எங்க போச்சு? அடுப்பு முன்னால ரெண்டு மணி நேரம் நின்னு தேன்குழல் பிழியுறவங்க மூச்சுக்குள்ளதானே. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு (ஐ.ஏ.ஆர்.சி.) 2010ல வெளியிட்ட தொகுப்புல, அதிகச் சூட்டுல எண்ணெயில பொரிக்கும்போது வர்ற புகையை 2ஏ பிரிவுல வச்சிருக்காங்க. அதாவது மனுசனுக்குப் புற்றுநோய் உண்டாக்க அநேகமா வாய்ப்பு உண்டுங்கிற பிரிவு. பயமுறுத்துறதுக்காகச் சொல்லலை. பிசுக்குங்கிறது ஏதோ சுத்தக்காரங்களோட மனவியாதின்னு நினைக்கிற ஆம்பளைகளுக்காகச் சொல்றேன்.

பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்க. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அதுக்கும் பின்னாடி கடைசியில அடுப்படி. வீட்டோட வால்ல வச்சிருப்பாங்க. பக்கத்துலயே வானம் தெரியுற முற்றம். விசேசத்துக்குப் பலகாரம்னா அடுப்படிக்குள்ளகூட கிடையாது, பின்னாடி திறந்தவெளியில கோட்டை அடுப்பு வெட்டி அங்கதான் சட்டி ஏறும். எண்ணெய்ப் புகை நேரா ஆகாசத்துக்கு. சுவரெல்லாம் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி வழவழன்னு இழைச்சது. ஈரத்துணியால ஒரு துடை துடைச்சாப் போதும். அடுப்படிச் சுவருக்குப் பொங்கலுக்கு முன்னாடி வெள்ளை.

உடனே 'அந்தக் காலத்துல எல்லாம் எவ்வளவு அறிவியல் பார்த்தீங்களா'ன்னு யாராவது கிளம்பிடாதீங்க, ப்ளீஸ். எங்க அப்பத்தா விறகுப் புகையில கண்ணு எரிஞ்சு எரிஞ்சு, கடைசிக் காலத்துல எப்பவும் முந்தானையை வச்சுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டே இருக்கும். அடுப்படியைக் கடைசியில தள்ளினதுல வீட்டுப் பொம்பளைங்களையும் சேர்த்துத்தான் தள்ளினாங்க. நான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லலை. அந்த வீட்டுல இருந்து ஒரே ஒரு விசயத்தைக் கழட்டி எடுத்துக்கலாம்னு சொல்றேன். பொரிக்கிற இடமும் சமைக்கிற இடமும் வேற வேற.

இப்ப என்ன நடக்குது? காரைக்குடியில என் சித்தப்பா மகன் புது வீடு கட்டினான். ஓப்பன் கிச்சன். அதாவது எண்ணெய்ப் புகைக்கு ஹாலுக்கு வர்றதுக்கு ரோடு போட்டுக் குடுத்திருக்கான். டிவி மேல கை வச்சா ஒட்டுது. மாடுலர் கப்போர்டு மேடைக்கு மேல வரிசையா. அதுக்கும் சீலிங்குக்கும் நடுவுல சரியா ஒரு சாண் இடைவெளி. வேலை நடந்தப்ப நான் போயிருந்தேன்.

"இந்த ஒரு சாண் எதுக்குங்க?"

"டிசைன் சார். முழுசா ஏத்தினா கனமாத் தெரியும்."

"உள்ள கை போகாதே, எப்படித் துடைக்கிறது?"

"மேலதான சார், யார் பார்க்கப் போறா?"

யார் பார்க்கப் போறாங்கிறதுதான் இந்தத் தொழிலோட தாரக மந்திரம் போல. பார்க்கிறவங்க இருக்காங்க. வருசத்துக்கு ரெண்டு தடவை ஸ்டூல்ல ஏறி, ஒரு கையால கப்போர்டைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையை அந்த இடைவெளிக்குள்ள கண்ணு தெரியாம விட்டுத் துழாவுறவங்க.

சிம்னி இருக்கே அப்படின்னு சொல்வீங்க. சிம்னி நல்லதுதான், வேண்டாங்கலை. அடுப்படியில இருக்கிறவங்க மூச்சுக்காகவே அது வேணும், அதுவும் குழாய் வெளிய போற சிம்னி. கரித்தூள் வடிகட்டி வழியா அதே காத்தை அடுப்படிக்குள்ளயே திருப்பி விடுற ரகத்தை நம்ம ஊர்ப் பொரிப்புக்கு வாங்குறது தண்டம். ஆனா 'ஆட்டோ கிளீன்'ங்கிற வார்த்தையை நம்பிடாதீங்க. அதுல நடக்குறது என்னன்னா, உள்ள ஒரு சூடேத்துற கம்பி இருக்கும், அது காத்தாடிப் பக்கம் ஒட்டியிருக்கிற எண்ணெயை இளக்கிக் கீழ ஒரு கிண்ணத்துல வடியவிடும். புது எண்ணெய்க்கு ஓகே. கிண்ணத்தை யாராவது எடுத்துக் கொட்டணும். மேல போற குழாய்க்குள்ள இருக்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. குழாய் பரணுக்குள்ள புகுந்து ரெண்டு வளைவு வளைஞ்சு எங்கயோ போகும். அதை ஒரு தடவையாவது கழட்டிப் பார்த்தவங்க கை தூக்குங்க.

அமெரிக்காவுல ஹோட்டல் அடுப்படிகளுக்குன்னு என்.எஃப்.பி.ஏ. 96ன்னு ஒரு விதிமுறை இருக்கு. தீ விபத்துத் தடுப்புக்காக வச்சது. புகைக்குழாய் திரும்புற இடத்துல எல்லாம் திறந்து சுத்தம் பண்ண மூடி போட்ட வழி இருக்கணும்கிறது அதுல ஒரு விதி. எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கணும்கிறதும் சமையல் அளவைப் பொறுத்துச் சொல்லியிருக்கு. விறகு, கரி அடுப்புன்னா மாசாமாசம், ராப்பகலா நடக்குற பெரிய அடுப்படின்னா 3 மாசத்துக்கு ஒரு தடவை. ஏன்னா குழாய்க்குள்ள காய்ஞ்ச எண்ணெய் எரிபொருள் மாதிரி. கீழ சட்டியில குப்புன்னு பிடிச்சா மேல ஓடிடும். வீட்டுக்கு இந்த விதி எல்லாம் கிடையாது. ஆனா அதுல இருக்கிறது எங்க ஊர் விளக்கு ஆசாரியோட அதே யோசனைதான்: கை போறதுக்கு வழி வை.

இப்ப நான் ஏன் இவ்வளவு சூடா எழுதுறேன்னு சொல்லிடுறேன். எங்க தெருவுல இருந்து காரைக்குடிக்கு வீட்டு வேலைக்குப் போற ஒரு அக்கா. போன தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு வீட்டுல "பரணெல்லாம் ஒரு தடவை பார்த்துடு"ன்னு சொல்லியிருக்காங்க. பிளாஸ்டிக் ஸ்டூல். அதுக்கு மேல ஏறி எக்கித் துடைச்சிருக்கு. கீழ ஏற்கனவே வடிஞ்ச சோப்புத் தண்ணி. ஸ்டூல் நழுவி, கையை ஊணி விழுந்ததுல மணிக்கட்டு போச்சு. ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆறு வாரமும் நாலு வீட்டுச் சம்பளமும் கிடையாது. அந்த வீட்டுக்காரங்க ஒரு தடவை வந்து பார்த்தாங்க, 500 ரூபாயும் ஒரு டப்பா அதிரசமும் குடுத்தாங்க. ரெண்டாவது வாரமே வேற ஆள் வச்சுக்கிட்டாங்க.

நான் கேட்டேன், "ஏக்கா, முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லலாம் தம்பி. சொன்னா தீபாவளிச் சேலை யாரு குடுப்பா?"

2007ல தமிழ்நாட்டுல வீட்டுப் பணியாளர்களுக்குன்னு நல வாரியம் வந்துச்சு. விபத்துக்கு உதவி கேக்கலாம். பதிவு பண்ணியிருக்கணும். அந்த அக்காவுக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. உங்க வீட்டுக்கு யாராவது வேலைக்கு வர்றாங்கன்னா, அடுத்த தீபாவளிக்குச் சேலை எடுக்கிறதுக்கு முன்னாடி அந்த ஃபாரத்தை நிரப்பிக் குடுங்க. வேலைக்கு ஆள் இல்லாத வீட்டுல யாரு ஏறுறான்னு நான் சொல்லணுமா? அறுபது வயசுல முட்டி வலிக்குதுன்னு மாடிப்படி ஏறாத அம்மா, பரணுக்கு மட்டும் ஏறும்.

எங்க வீட்டுல இப்ப ஏறுறது நான்தான். பலகாரத்துல முக்கால்வாசி என் வயித்துக்குத்தான் போகுதுங்கிறது தங்கமணியோட வாதம். மறுக்கமுடியலை. அதனால கொஞ்சம் அனுபவத்துல கத்துக்கிட்டதையும் சொல்லிடுறேன், பதிவுக்கு வந்ததுக்கு ஏதாவது தேறணும்ல.

காய்ஞ்ச பிசுக்கைத் தேய்க்காதீங்க. ஒத்தடம் குடுங்க. நல்ல சூடான தண்ணியில சலவைச் சோடா (ஆப்ப சோடா இல்லை, துணிக்குப் போடுறது) ஒரு லிட்டருக்கு ரெண்டு மூணு ஸ்பூன் கரைச்சு, பழைய துணியை நனைச்சுப் பிழிஞ்சு அந்த இடத்துல ஒட்டிவிட்டு இருபது நிமிசம் வேற சோலி பாருங்க. அந்தக் காரம் எண்ணெயை சோப்பா மாத்திடும். அப்பத்தா காலத்துல சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்ச்சதும் இதே கணக்குத்தான். அப்புறம் துணியை எடுத்துக்கிட்டே துடைச்சா வழிச்சுக்கிட்டு வரும். கைக்கு ரப்பர் உறை கட்டாயம். அலுமினியத்துக்கு இது ஆகாது, கறுத்துப் போயிடும். தேக்கு மரம், வார்னிஷ் போட்ட கதவுக்கும் வேண்டாம். அங்க சீயக்காய்த் தூளைக் குழைச்சுத் தடவித் துடைச்சா மெதுவா ஆனா மரத்துக்குச் சேதம் இல்லாம வரும். கீழ ஆத்தங்குடிக் கல் போட்டிருந்தா ஆசிட் பக்கமே போகாதீங்க. அது சிமெண்ட், வினிகர் பட்டாக்கூட பூவேலை வெளுத்துடும்.

வீடியோவுல ஆப்ப சோடாவும் வினிகரும் கலந்து பொங்க விடுறாங்களே, அது பார்க்கத்தான் அழகு. ஒண்ணு காரம், ஒண்ணு அமிலம். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு செத்துப்போய், கடைசியில மிஞ்சுறது உப்புத்தண்ணி மாதிரி ஒண்ணு. இதுகூடப் பரவாயில்லை. பிளீச்சிங் பவுடரோட பாத்ரூம் ஆசிட்டைக் கலக்குறாங்க பாருங்க, அது கொலை முயற்சி. குளோரின் வாயு வரும், அடுப்படி மாதிரி சின்ன ரூம்ல மூச்சே நின்னுடும்.

அதே மாதிரி காஸ்டிக் சோடா இருக்கிற ஸ்ப்ரேயைத் தலைக்கு மேல அடிக்கவே கூடாது. அண்ணாந்து பார்த்துக்கிட்டுத்தானே அடிப்போம்? சொட்டுறது நேரா கண்ணுக்குள்ள. ஃபேன் றெக்கைக்கு மண்ணெண்ணெய் போடுற பழக்கமும் இருக்கு. எண்ணெயை நல்லாவே கரைக்கும். அதை அடுப்புக்கு நாலடி தள்ளி, மோட்டார்ல வழிய வழியத் தேய்ச்சு மாட்டி, சுவிட்ச் போடுறவங்களுக்கு என் அனுதாபங்கள்.

எங்க அடுப்படியைப் போன வருசம் மராமத்து பண்ணினப்ப ஒரே ஒரு கண்டிசன்தான் போட்டேன். தரையில நின்னு கை எட்டாத இடத்துல எதுவும் இருக்கக்கூடாது, இருந்தா அது கழண்டு கீழ வரணும். எக்ஸாஸ்ட் ஃபேனைச் சுவத்துக்குள்ள வயர் குடுத்து மூடாம, பக்கத்துலயே ஒரு பிளக் பாயிண்ட் வச்சு, நாலு பக்கமும் கையால திருகுற நட்டு. எலக்ட்ரீசியன் தம்பி "எதுக்குண்ணே, யாரும் இப்படிக் கேக்க மாட்டாங்களே"ன்னான். "நீ மாசாமாசம் வந்து துடைச்சுக் குடுக்கிறியா?"ன்னேன். கப்சிப்னு பிளக்கை மாட்டிட்டான். இப்ப மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை, பிளக்கைப் பிடுங்கி, ஃபேனைக் கழட்டித் திண்ணைக்கு எடுத்துட்டு வந்து, கால்மணி நேரம். மோட்டார்ல தண்ணி படாம றெக்கையை மட்டும் துடைக்கணும், அவ்வளவுதான் சூட்சுமம். கப்போர்டு சீலிங்கைத் தொட்டு நிக்குது, மேல ஒரு சாண் சந்து இல்லை. பரணுக்கு அடியில பழைய காலண்டர் தாளை டேப் போட்டு ஒட்டிட்டேன், மஞ்சளானதும் உரிச்சுட்டு வேற. தங்கமணிக்கு அந்த காலண்டர் கண்றாவி பிடிக்கலை. பேச்சுவார்த்தை தொடர்கிறது.

பெரிய பொரிப்பு எல்லாம் பின்கட்டுல. ஒத்தை பர்னர் அடுப்பு, ஒரு ரப்பர் குழாய், ரெண்டு பக்கம் திறந்த தாழ்வாரம். செலவு மொத்தமே ஒரு நல்ல சிம்னி விலையில கால்வாசி வராது. இடம் இல்லாத அபார்ட்மெண்ட் ஆளுங்க பால்கனியைப் பார்ப்பீங்க, தெரியும். சிலிண்டரையும் தீயையும் அங்க வைக்கிறதுக்கு முன்னாடி அசோசியேசன்ல கேட்டுக்குங்க, அப்புறம் என் பேரைச் சொல்லாதீங்க.

ஒரு நண்பர் போன்ல கேட்டார், "ஏங்க, இவ்வளவு பாடுபடுறதுக்கு பொரிக்காமலே இருந்துடலாமே, உடம்புக்கும் நல்லது." அவர் ஊர்ல வெள்ளைப் பணியாரம் கிடையாது. பாவம், அவருக்கு என்ன தெரியும்.

அடுப்படி ஜன்னல் கொசுவலையைப் பத்தி எழுதாம விட்டது வேணும்னுதான். எண்ணெயும் தூசியும் சேர்ந்து ஒவ்வொரு கண்ணும் அடைச்சு, காத்தே வராம சல்லடை சுவராயிடுது. அதையும் கழட்டுற சட்டமா மாத்தச் சொல்லி ஆசாரிகிட்ட அளவு குடுத்திருக்கேன். ரெண்டு வாரம்னு சொல்லி இது ஆறாவது வாரம். வந்ததும் எழுதுறேன்.